சரோஜாவோடு ஏற்காட்டில் மூன்று நாள்

"வேலையை விடப்போறேன். அதுக்கு முன்னாடி மூணு பேரும் ஒருக்கா பார்த்துக்கலாமா?"

சரோஜாவிடமிருந்து இந்தச் செய்தி வந்தபோது நான் தூத்துக்குடியில், அரையாண்டு விடைத்தாள்களுக்கு நடுவே மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேலத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில் நானும் அவளும் தனமும் விடுதியில் ஒரே அறை. நான் எங்கள் ஊரிலும் சரோஜா சேலத்திலும் தொடக்கப் பள்ளி ஆசிரியைகளானோம். தனம் பயிற்சி முடிந்த கையோடு ஏற்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், கணவரோடு சேர்ந்து அங்கே ஒண்டிக்கடை என்ற இடத்தில் ஒரு சிறிய மெஸ் நடத்துகிறாள். இப்போது மூன்று பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. வேலையை ஏன் விடுகிறாய் என்று கேட்டதற்கு, "முட்டி வலி, நின்னு பாடம் நடத்த முடியல" என்று பதில் வந்தது. விடுமுறை தொடங்கியதும் கிளம்பிவிட்டேன்.

சேலம் பேருந்து நிலையத்தில் சரோஜா எனக்கு முன்பே வந்து நின்றாள். தலைக்கு மை போட்டிருந்தாள், உடம்பு பூசினாற்போல் ஆகியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே உற்றுப் பார்த்தபடி பேசினாள். இத்தனை பிரியமாக என்னை யாரும் பார்த்து வெகுகாலம் ஆயிற்று என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

ஏற்காடு பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை. அடிவாரம் தாண்டி வண்டி வளைய ஆரம்பித்ததும் குரங்குகள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து எங்களை எண்ணுவதுபோல் பார்த்தன. உப்பளமும் முள்காடுமாகத் தட்டைப் பூமியில் வாழ்கிறவள் நான். எங்கள் ஊரில் உயரம் என்றால் உப்புக் குவியல்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பாதி மலையில் வண்டி நின்றது. எதிரே இறங்கி வந்த ஒரு சுற்றுலாக் கார் வளைவின் நடுவில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கிப் போய், "ஏனுங்க சார், பஸ்சு மேல ஏறி வருதில்லைங்களா, நீங்க கொஞ்சம் பின்னால போனாத்தானுங்களே நாங்க போக முடியும்" என்று பொறுமையாகச் சொன்னார். அந்த மனிதருக்குப் பின்னால் போகும் தைரியம் வரவில்லை. கடைசியில் எங்கள் டிரைவரே காரில் ஏறி அதை ஓரம் கட்டிவிட்டு வந்தார்.

அந்தக் காத்திருப்பில்தான் சரோஜாவிடம் சொன்னேன். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அவள் வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன ஐப்பசியில அம்மா போயிட்டாட்டி. கடைசியில என்னையே அடையாளம் தெரியல அவளுக்கு."

சரோஜா திரும்பி, முகம் நிறையச் சிரித்தாள். "அப்படியா, நல்லதாப் போச்சு. நான் கேட்டேன்னு சொல்லு."

விடுதிக்கு முறுக்கும் கருவாட்டுத் தொக்கும் கொண்டுவந்து இவளுக்கும் சேர்த்து ஊட்டிவிட்டுப் போனவள் என் அம்மா. அதன்பிறகு மலை ஏறி முடிகிற வரைக்கும் நான் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. ஏரியைத் தாண்டும்போது குளிர் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பணமும் வயதும் மனுஷர்களை எப்படி மாற்றிவிடுகின்றன என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒண்டிக்கடையில் தனம் மெஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். சேலையை இடுப்பில் செருகி, மேலே கணவரின் பழைய ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"ஏம்புள்ள, இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? வா வா, மொதல்ல சாப்பிடு. பேசறதெல்லாம் அப்பறம்."

ராகிக் களி, பச்சைப்பயிறு கடைசல், தொட்டுக்கொள்ள மிளகு தூக்கலாக ஒரு கோழிக் குழம்பு. எங்கள் பக்கம் இந்த நேரத்துக்குச் சோறும் மீன் குழம்பும் இல்லாவிட்டால் சாப்பிட்ட கணக்கில் சேராது. எனக்குச் சர்க்கரை ஏறியதிலிருந்து சோற்றைப் பார்த்தாலே ஒரு குற்ற உணர்ச்சி. களியை உருட்டி முழுங்கினேன்; வயிறும் மனசும் ஒருசேர நிம்மதியடைந்தன.

மெஸ்ஸுக்கு மேலேதான் தனத்தின் வீடு. ஏணி மாதிரி செங்குத்தான மாடிப்படி. தனம் ஒவ்வொரு படிக்கும் "அப்பனே முருகா" சொல்லி, கைப்பிடியைப் பற்றி ஏறினாள். நான் மூச்சிரைத்தேன். சரோஜா தன் பையையும் என் பையையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே போய்விட்டாள்.

தனம் பாதிப் படியில் நின்று என்னைப் பார்த்தாள். "முட்டி வலின்னு வேலையை உடறவ இவதானா, இல்ல நானா?"

சாயங்காலம் கடைத்தெருவில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்து மாடி அறையில் கம்பளிக்குள் கால்களை நுழைத்து உட்கார்ந்தோம். இருபது வயதில் இப்படி உட்கார்ந்தால் பேச்சு கல்யாணத்தில் போய் நிற்கும். முப்பதில் பிள்ளைகள். இப்போது மாத்திரைகள். தனத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. "எடுத்த பொறவு நிம்மதியா இருக்குது. ஆனா எல்லாரும் வந்து அனுதாபப்பட்டாங்க பாரு, அதுதான் நொம்ப வலி" என்றாள். எனக்கு மாதவிலக்கு நிற்கிற காலம். திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு தீ கிளம்பிக் காதுவரை வரும். அன்றைக்கும் வந்தது. அவர்கள் இரண்டு பேரும் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, நான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்து பனிக்குள் தலையை நீட்டினேன்.

"தூத்துக்குடிக்காரி வெயிலைக் கையோட கொண்டாந்துட்டா" என்றாள் தனம். நான் சிரித்தேன். சரோஜாவும் சிரித்தாள், ஆனால் நாங்கள் சிரித்து முடித்த பிறகு.

அப்போது மின்சாரம் போயிற்று. இருட்டில் நாங்கள் பேச்சைத் தொடர்ந்தோம். சரோஜாவிடமிருந்து சத்தமே இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தனம் மெழுகுவர்த்தி ஏற்றியபோது அவள் கண்ணைத் திறந்துகொண்டு, எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏனோ கோபம் இன்னும் கூடியது. எங்களோடு இருக்கவே பிடிக்காதவள் எதற்காக வரச் சொன்னாள்?

மறுநாள் காலை, வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் தன் நாத்தனாரிடம் அவரைக்காய் வாங்க வேண்டும் என்று தனம் எங்களையும் கூட்டிப் போனாள். போகும்போது பேருந்து கிடைத்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, அதன் நிழலில் காப்பிச் செடிகள். பழம் சிவந்து பறிப்புக்கு வந்திருந்தது. இடுப்பில் சாக்குக் கட்டிய பெண்கள் கிளையை வளைத்து வளைத்து உருவிக்கொண்டிருந்தார்கள். தனத்தின் நாத்தனார் என்னைப் பார்த்து, "ஏனுங்க, கடலு இங்கிருந்து நொம்ப தூரமுங்களா? ஒருக்கா பார்க்கோணும்னு ஆசைங்க" என்றாள். நான் மலையைப் பார்க்க வந்ததைப்போலவே அவளுக்கும் ஓர் ஆசை. வா, என் வீட்டில் தங்கலாம் என்றேன். ஒரு காப்பிப் பழத்தைப் பிதுக்கி வாயில் போடச் சொன்னாள். வழவழவென்று இனித்தது. சர்க்கரை போடாத இனிப்பு என்பதால் இன்னும் இரண்டு தின்றேன்.

திரும்பும்போது பேருந்து வரவில்லை. பாதையில் நடந்தோம். நானும் தனமும் அவரைக்காய்ப் பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு ஓரமாக வர, சரோஜா கொஞ்சம் முன்னால், நடுப் பாதையில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு ஜீப் ஹார்ன் அடித்தது. நாங்கள் ஒதுங்கினோம். அவள் ஒதுங்கவில்லை. ஹார்ன் விடாமல் அலறியது. இறக்கம் வேறு. தனம் பையைப் போட்டுவிட்டு, முட்டி வலியையெல்லாம் மறந்து ஓடிப்போய் அவளைச் சேலையோடு பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் காப்பிச் செடிக்குள் விழுந்தார்கள். ஜீப் கொஞ்சம் தள்ளிப் போய்ப் புழுதியோடு நின்றது.

டிரைவர் இறங்கி வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏனுங்கக்கா, இத்தன ஹார்ன் அடிக்கறேன், காது கேக்காதுங்களா உங்களுக்கு?"

சரோஜா எழுந்து சேலையில் ஒட்டிய சருகைத் தட்டியபடி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "வேண்டாமுங்க தம்பி. பக்கந்தானுங்க, நாங்க நடந்தே போய்க்கறோம்."

அவர் வண்டியில் ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

டிரைவர் எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்து போவதைக் கண்டேன். "பார்த்துக் கூட்டிட்டுப் போங்கக்கா" என்று தணிந்த குரலில் தனத்திடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தனத்தின் முழங்கையில் தோல் வழன்றிருந்தது. அதைப் பார்த்ததும்தான் என்ன நடந்தது என்று சரோஜாவுக்கு விளங்கியது. பாதையோரத்துக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் எதிரில் போய்க் குந்தி, அவள் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எவ்வளவு நாளாட்டி?"

இந்தமுறை அவள் நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள். "மூணு வருசமா. நரம்பு தேயுதாம். ஆளைப் பார்த்துப் பேசினா உதட்டை வெச்சுப் புரிஞ்சுக்குவேன். ரெண்டு பேரு ஒண்ணாப் பேசினாப் போச்சு. இருட்டுனாலும் போச்சு."

"அப்ப முட்டி வலி?"

"முட்டி வலின்னா எல்லாருக்கும் இருக்குதுன்னு உட்டுருவாங்க. செவிட்டு டீச்சருன்னு சொன்னா..." அதை முடிக்காமல், "போன மாசம் ஒரு புள்ள வயித்த வலின்னு மூணுவாட்டி வந்து சொல்லியிருக்குது. நான் சிரிச்சுட்டு உக்காரச் சொல்லியிருக்கறேன். அது பெஞ்சுலயே வாந்தி எடுத்து மயங்கின பொறவுதான் எனக்குத் தெரியும். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துடலாம்னு. அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?" என்றாள்.

அதன்பிறகு நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா போன செய்தியை இன்னொரு முறை சொன்னேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் தான் என்ன பதில் சொன்னோம் என்பது மெல்ல மெல்ல நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் அந்தக் கல்லைச் சுற்றி உட்கார்ந்து என் அம்மாவுக்காக அழுதோம். அம்மா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. வீட்டில் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் மூக்கைச் சிந்தியது தனம். "காதுக்கு மெஷினு வாங்குனியா இல்லையா?"

வாங்கியிருக்கிறாள். மகன் வாங்கிக் கொடுத்தது. ஒரே ஒரு நாள் வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். பெஞ்சை இழுக்கிற சத்தம் இடி மாதிரி விழ, பிள்ளைகள் கத்துவது மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல் இருக்க, மத்தியானமே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். அது பைக்குள்ளேயே ஏற்காடு வரைக்கும் வந்திருக்கிறது.

"அதுக்காகத் தூக்கிப் போட்டுர்றதா? மூக்குத்தி குத்துன அன்னிக்கு மூக்கு வீங்குச்சு. கழட்டி வீசிட்டமா? ஊட்டுக்கு வா" என்றாள் தனம்.

தனத்தின் செல்போன் சார்ஜருக்குப் பக்கத்தில், சோப்புப் பெட்டி மாதிரி ஒரு சிறு பெட்டியில் மெஷின் இரண்டும் மத்தியானம் முழுக்க மின்சாரம் குடித்தன. வெயில் சாய்கிற நேரத்தில், மெஸ்ஸில் கூட்டம் இல்லாதபோது, சரோஜா கண்ணாடி முன் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை அளவு ஒன்று, அதிலிருந்து மெல்லிய குழாய். நானும் தனமும் பேசாமல் இருந்தோம்.

அவள் தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினாள்.

"என்னது சொட்டுது?"

குளியலறைக் குழாய். எனக்கே அதுவரை காதில் விழவில்லை.

"ஆறு மாசமாச் சொட்டுது. இவருகிட்டச் சொல்லிச் சொல்லி நான் உட்டுட்டேன்" என்றாள் தனம்.

சரோஜா எழுந்துபோய்க் குழாயை இறுக்கிப் பார்த்தாள், நிற்கவில்லை. ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தாள். "என் குரலு எனக்கே குடத்துக்குள்ள இருந்து வர்றாப்பல இருக்குது. உங்க ரெண்டு பேரு குரலும் கெழவிங்க குரலாட்டம் ஆயிருச்சே." மூன்று வருடத்தில் எங்கள் குரலுக்கு வயதானதை அவள் இப்போதுதான் கேட்கிறாள். கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறது என்று கழற்றினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மறுபடி மாட்டினாள். அப்பளத்தைக் கடித்தபோது தானே திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டு, அப்புறம் அதை முழுசாக, சத்தமாக, ரசித்துத் தின்றாள்.

மூன்றாம் நாள் நான் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். விடுமுறைக் கூட்டம் வேறு மாதிரி நினைத்திருந்தது. காலையிலிருந்தே வேன் வேனாக ஆட்கள். மெஸ்ஸில் பரிமாறுகிற பெண்ணுக்குக் காய்ச்சல், வரவில்லை. தனத்தின் கணவர் அடுப்பில் நின்றார். தனம் கல்லாவையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தண்ணீர் ஊற்றப் போனேன்.

சரோஜா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். காதில் மெஷின் இருந்தது. ஈரத்தலையை அள்ளிக் கொண்டை போட்டிருந்ததால் நன்றாகத் தெரிந்தது. அப்படித் தெரிகிறதே என்று எனக்குத்தான் கூசியது.

"யாருக்கு என்ன வேணும்னு நான் கேக்கறேன்" என்றாள்.

பாத்திரச் சத்தம், குழந்தைகள் சத்தம், மிக்சி, வெளியே வேன் ஹார்ன். அவள் வகுப்பை விட இது மோசம். முதல் மேசையில் ஒரு பெரிய குடும்பம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சரோஜாவின் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு, எதுவும் கேட்காதபோது வருகிற சிரிப்பு, வரப் பார்த்தது. நான் செம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிக்குப் போகலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். தனம் கல்லாவிலிருந்து கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

சரோஜா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். "ஏனுங்க, எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க. மெஷினு புதுசு. ஒருத்தரு ஒருத்தராச் சொல்லுங்க."

மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தின் தலைவர் போலிருந்தவர், "அதுக்கென்னங்க" என்று சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "நீ மொதல்ல சொல்லு. பூரியா, களியா?"

அவ்வளவுதான். மூன்று வருடமாக அவள் பயந்திருந்தது அந்த ஒரு வார்த்தையோடு முடிந்துவிட்டது. அந்த அம்மாள் களி என்றாள். பக்கத்தில் இருந்தவர் பூரி என்றார். இன்னொருவர் சொன்னது விளங்காதபோது, "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். அவர் இன்னொருமுறை சொன்னார். மதியம் வரைக்கும் அவள் நிற்காமல் ஓடினாள். இரண்டு மேசைக்கு ஆர்டர் மாறிப்போய், ஒருவர் கேட்காத ஆம்லெட்டைச் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருந்தது என்று சொல்லிப் போனார். கூட்டம் ஓய்ந்ததும் பெஞ்சில் சாய்ந்து, மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலை தெறிக்குது" என்றாள்.

"எனக்கும்தான். இதுல காதுக்கு என்ன சம்பந்தம்" என்றாள் தனம்.

சாயங்காலம் பேருந்தேறும்போது தனம் எங்கள் இருவருக்கும் மிளகும் காப்பித்தூளும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். தன் முட்டிக்குச் சேலத்தில் ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கும் பொறுப்பைச் சரோஜாவின் தலையில் கட்டினாள். முகூர்த்தம் குறிப்பதுபோல் பொங்கல் கழிந்து என்று நாளும் பேசி வைத்தார்கள்.

இறக்கத்தில் சரோஜா தன் கணவருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள், அதனால் எனக்கும் கேட்டது. "அந்த விருப்ப ஓய்வு சமாச்சாரத்தைத் தள்ளி வெச்சிருங்க. ஒரு பருவம் பார்க்கறேன். முடியலைன்னா அப்பப் பார்த்துக்கலாம்." அவர், "மெஷினு போட்டிருக்கறயா?" என்றார். "ஆமா" என்றாள். "கத்தாமப் பேசறேனே, கேக்குதா?" என்றார் அவர். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பி, பள்ளி திறந்து சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். முதல் நாளே வகுப்பில் மெஷினைக் கழற்றிப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் காட்டினாளாம். பேச வேண்டியவர்கள் கையைத் தூக்க வேண்டும், ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாள். எல்லா நாளும் ஒன்றுபோல இல்லை, சில நாள் மத்தியானத்துக்குமேல் தாங்க முடியவில்லை என்றாள். அந்த நேரத்தில் எழுத்து வேலை கொடுத்துவிடுகிறாளாம்.

"ஒண்ணு சொல்லட்டுமா? புள்ளைங்க எனக்கு ஒரு பட்டப்பேரு வெச்சிருக்குதுங்க. இத்தன நாளா எனக்குப் பின்னாடியே கூப்பிட்டிருக்குதுங்க, நேத்துத்தான் காதுல விழுந்துச்சு."

"என்ன பேருட்டி?"

"சரி சரி டீச்சர். எது கேட்டாலும் சரி சரின்னு தலையாட்டிருவேனாம். வெளிய போகட்டுமா, சரி சரி. வீட்டுப்பாடம் எழுதல, சரி சரி."

நான் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"நீ என்ன சொன்னே?"

"கூப்பிட்டவனை எந்திரிக்கச் சொன்னேன். நடுங்கிட்டு நின்னான். வீட்டுப்பாடத்தை எடுத்துட்டு வான்னேன்" என்றாள் சரோஜா. "எழுதலை அவன்."